ரேடியேட்டரில் உளுந்து வாசனை

என் எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கணும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோச்சு. முன்னே நடந்ததைப் பின்னே சொல்லிவிடுவேன், சிலது மறந்தும் போகும். ஆனால் எங்கள் டீசல் கார் ஏன் சூடேறியது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

பழைய வண்டி. திருவண்ணாமலையில் லாட்ஜுக்கு வருகிறவர்களுக்கு என் வீட்டுக்காரர் அதை வாடகைக்கு ஓட்டுகிறார். கடைசி மகளைக் கீழ்பென்னாத்தூரில் கொடுத்திருக்கிறோம். ரொம்ப வருஷம் கழித்து உண்டானாள். வளைகாப்பு முடிந்து அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டிய சமயம் பார்த்து வண்டி கொதிக்க ஆரம்பித்தது.

சம்பந்தியம்மா கறாராகச் சொல்லிட்டாங்க. "பஸ் குலுக்கல் வேணாம். உங்க வண்டி நடுரோட்டுல பொகை வுட்டுக்கினு நின்னா என் மருமவ வெயில்ல நிக்கணுமா? இங்கியே பெத்துக்கட்டும்."

வேறு கார் பேசலாமே என்றேன். இவர் ஒத்துக்கவில்லை. "சொந்த வண்டி இருக்கும்போது என் பொண்ண அடுத்தவன் வண்டியில ஏத்துவனா?"

ரேடியேட்டர் ஆறுகிறவரை காத்திருந்து, மூடிமேல் பழைய துண்டைப் போட்டுத் திறந்து பார்த்தார். தண்ணீர் கம்மியாகவில்லை. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை மாற்றினார், ஃபேன் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். வண்டி முன்பக்கத்து வலையை எட்டிப் பார்த்தால் துடைத்த மாதிரி சுத்தம். ஊருக்குள் மெதுவாகப் போனால் சூடு காட்டுகிற முள் நடுவில் நிற்கும். வெளிரோட்டில் வேகம் எடுத்தால் ஜாஸ்தியாகும். "இன்ஜினப் பிரிச்சுதான் பாக்கணும்" என்றார் மெக்கானிக். பிரித்தால் எப்போது சேர்ப்பது, பெண்ணை எப்போது அழைப்பது?

அன்று மத்தியானம் இவர் அடி அண்ணாமலை வரை போய்த் திரும்பி, வாசலில் பானெட்டைத் தூக்கினார். எனக்கு உளுந்து கருகும் வாசனை அடித்தது. இட்லிப்பொடிக்கு வறுக்கும்போது கொஞ்சம் அசந்தால் வருமே, அதே வாசனை. ஓடிப்போய் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

அப்போதுதான் புரிந்தது. சம்பந்தி வீட்டில் அறுத்த உளுந்துச் செடியை ரோட்டில் பரப்புவார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறி மணி உதிரும். இந்தப் பக்கம் எல்லாரும் செய்வதுதான். நாங்கள் போகும்போதெல்லாம் சம்பந்தியம்மா, "அப்படியே முன்னயும் பின்னயும் வுடுங்க சம்பந்தி" என்பாங்க. பெண் கொடுத்த இடமாச்சே என்று இவரும் மாடு கட்டிப் போரடிக்கிற மாதிரி ஓட்டிக் காட்டுவார். பறக்கிற தூசியும் தோலும் வண்டிக்குள்தானே போகும்.

மெக்கானிக்கிடம், "தம்பி, இதுக்குள்ள உளுந்து இருக்குது" என்றேன்.

"சட்னியும் இருக்குதா பாருங்கம்மா" என்று சிரித்தார். ஆனாலும் முன்னால் கழற்றினார். ரேடியேட்டருக்கு முன்னே ஏசிக்கென்று இன்னொரு வலை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே விரல் நுழையாத சந்து. அதில் உளுந்துப் பொட்டு, நொறுங்கின தோலும் சருகும், மெத்தை மாதிரி அடைத்திருந்தது. காற்று எந்த வழியாகப் போகும்? இன்ஜின் பக்கமிருந்து தண்ணீர் பீய்ச்சித் தள்ளினார். கூடை நிறைய வந்தது.

பெண்ணை அழைக்கப் போன அன்றும் சம்பந்தி வீட்டுத் தெருவில் உளுந்து பரப்பியிருந்தது. இவர் தயங்கினார். நான் நாலு பேர் எதிரில் வாய் திறக்காதவள். அன்று முன்னாடியே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

"சம்பந்தி, இதும்மேல எங்க வண்டி ஏறாதுங்க. உங்க உளுந்துப் பொட்டுதான் அடைச்சுக்கினு இருந்தது. இப்ப சரியாயிடுச்சு. பொண்ண அனுப்புங்க."

"எங்க உளுந்தயும் தின்னுட்டு எங்களயே கொறை சொல்லுதா உங்க வண்டி?" என்றாங்க. அப்புறம் செருப்பை மாட்டினாங்க. "சரி, நானும் வரேன். முள்ளு ஏறிச்சின்னா மருமவளோட திரும்பிடுவேன்."

முன் சீட்டில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாங்க. பின்னால் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் முள்ளைப் பார்க்கவில்லை, எனக்குத் தெரியும். பாதி வழியில் சம்பந்தியம்மா தூங்கிட்டாங்க. மலை தெரிந்ததும் எழுந்து, "வந்துட்டோமா?" என்றாங்க. முள் நடுவிலேயே இருந்தது.

முன்னால் இருப்பது ஏசி வலையா, ரேடியேட்டரா, மாற்றி எழுதியிருந்தாலும் இருப்பேன். வண்டி தெரிந்தவர்கள் யாராவது படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுங்க.