முடிவு பார்க்காத கொலைப்படங்கள்

கொரியா, ஸ்பெயின் என்று எங்கெங்கோ எடுத்த கொலைப்படங்களை மகள் தேடித்தேடி அனுப்புகிறாள். நேற்றைய படத்தில் பஸ் ஹோர்ன் ஒன்று நீளமாக அலறியதும் மாமி நினைவில் வந்துவிட்டார்.

அறுபதுகளில் எங்கள் ஊரான உருத்திரபுரத்திலிருந்து யாழ்ப்பாணம் போய், மத்தியானக் காட்சியில் இங்கிலிஷ் கொலைப்படம் பார்த்துவருவார் மாமி. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே. கொலைகாரன் பிடிபட முன்னரே எழுந்து ஓடிவந்துவிடுவார். மறுநாள் சேறு மணக்கும் வயலில் களை பிடுங்கியபடியே எங்களுக்குப் படத்தைச் சொல்வார். முடிவு மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு.

ஒருநாள், நேர்ஸ்தான் கொலைகாரி என்று மாமி முடித்துவைத்த படத்தை முழுதாகப் பார்த்த வாத்தியார் வரம்பில் நின்று சொன்னார்:

"கொலை செய்தது டொக்டர். நேர்ஸ் இல்லை."

களை பிடுங்கிய பெண்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஒருத்தி மாமியைக் காட்டிக் கேட்டாள்:

"அப்ப நேர்ஸ் ஏன் அந்தக் கடிதத்தை எரிச்சவள்? எங்கடை அக்கா சொன்னதுதான் சரி!"

வாத்தியார் வரம்பிலேயே குந்திவிட்டார்.

"ஓம், அதுக்குப் படத்திலை மறுமொழி இல்லைத்தான்."

மாமி தலை நிமிராமல் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

நேற்று, படம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் நிறுத்திவிட்டேன். மகள் போனில் கேட்டாள்.

"கொலைகாரன் ஆரெண்டு பார்த்தனீங்களோ, அம்மா?"

"பார்க்கேல்லை. ஆனா ஆரெண்டு முடிவெடுத்திட்டன்."