மகளின் மாத்திரையை விழுங்கிய அப்பா

மருந்தகக் கவுன்டரில் சண்டை வருவது புதிதல்ல. ஆனால் ஒரு மனைவி கணவனைச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "மிஸ், பாப்பாவோட மாத்திரைய இவரு முழுங்கிட்டாரு" என்று புகார் கொடுத்தது என் வேலைக் காலத்தில் அந்த ஒரு தடவைதான்.

மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கத்தில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் நான் பார்மசிஸ்டாக இருந்தேன். புகார் கொடுத்த கலாவுக்குப் பாசிர் பெனம்பாங்கில் கடல் உணவுக் கடையில் சமையல் வேலை. கணவர் சிவலிங்கம் எஸ்டேட்டிலிருந்து எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். மகள் யாழினி தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியாது, சொன்னது மனத்தில் நிற்காது, படிப்பு நழுவிக்கொண்டே போனது. கவனக்குறைவுக் கோளாறு என்று டாக்டர் உறுதிசெய்து மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்.

ஏன் விழுங்கினீர்கள் என்று கேட்டேன். சிவலிங்கத்துக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. அவர்கள் குடியிருந்த எஸ்டேட் லயத்தில் பிள்ளைக்கு எந்த மருந்து வந்தாலும் அப்பன்தான் முதலில் சாப்பிட்டுப் பார்ப்பாராம். பூச்சி மருந்து, இருமல் மருந்து எல்லாம் அவர் வயிற்றைக் கடந்துதான் மகளுக்குப் போயிருக்கின்றன. மூக்குச் சொட்டு மருந்தைக்கூட விடவில்லை. இந்தத் தடவை கலா அவரைக் கேட்காமல் ஒரு வாரம் கொடுத்துவிட்டார். அந்தக் கோபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மூன்று மாத்திரையை ஒரேயடியாகப் போட்டுக்கொண்டார்.

"மூணா? எதுக்குத் தம்பி மூணு?"

"சின்னக் கன்னுக்கு ஒரு டின் உரம்னா, பெரிய மரத்துக்கு மூணு டின் போடணும்லா மிஸ்."

அதன் பிறகு நடந்ததைக் கலா சொன்னார். மனிதர் லோரியின் டூல்ஸ் பெட்டியைக் கொட்டி, நட்டுகளை அளவுவாரியாக அடுக்கினார். லோரியைக் கழுவினார். பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலேயே அவருடைய மோட்டார் சைக்கிளையும் கழுவினார். மத்தியானம் நண்டுக் கறியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கழட்டிப் போட்டு வருசக்கணக்கா கெடந்த ஃபேன அன்னைக்குத்தான் மாட்டுனாரு. பாப்பாவுக்கு வேணாம்னா இவருக்காவது எழுதிக் குடுங்க மிஸ்" என்றார் கலா.

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருக்கு பிரஷர் பார்க்க வைத்தேன். நல்ல வேளை, சரியாக இருந்தது. பிறகு வாங்கு வாங்கென்று வாங்கினேன். இது பூட்டு போட்ட அலமாரியில் வைக்கும் மருந்து, மகள் பெயரில் கொடுத்ததை வேறு யாரும் தொடக்கூடாது, நெஞ்சுக்கே ஆபத்தாக முடிந்திருக்கும் என்றேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டவர், மிச்ச மாத்திரைகளை எடுத்துக் கவுன்டரில் வைத்தார். மகளுக்கு இனி இது கிடையாதாம்.

"பெரிய மரத்தையே இந்த ஆட்டு ஆட்டுது. நெஞ்சு அடிச்ச அடி எனக்குத்தான் தெரியும். பிள்ளைக்கு மூளை வளர்ற வயசு மிஸ். என்னா ஆவும்?"

என் ஜூனியர் பெண் முந்திக்கொண்டு, "ஒன்னும் ஆகாது அங்கிள், சேஃப்தான்" என்றாள். அவர் முகம் இன்னும் இறுகிப்போனது. நான் அவளை உள்ளே வேறு வேலைக்கு அனுப்பினேன்.

அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். இது தூங்க வைக்கும் மருந்தல்ல. கவனத்தைப் பிடித்து வைக்க மூளைக்குள் ஓடும் ரசாயனச் செய்திகளைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் வளரும் மூளையை இது கெடுப்பதாக இதுவரை தெரியவில்லை. ஆனால் பல வருடம் சாப்பிடுவதைப் பற்றி எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பசி குறையும், தூக்கம் கெடலாம், வளர்த்தி கொஞ்சம் மந்தமாகலாம். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் உயரம், எடை, பிரஷர் பார்க்கிறோம். சரியில்லை என்றால் டாக்டர் அளவை மாற்றுவார், அல்லது நிறுத்துவார்.

அவர் யோசித்தார். அன்று காலை மருந்து சாப்பிடாமல் கூடவே வந்திருந்த யாழினி இதற்குள் வரிசை நம்பர் மெஷினை அமுக்கி அமுக்கி ஒரு கை நிறையச் சீட்டு எடுத்து, காத்திருந்தவர்களுக்கெல்லாம் விநியோகம் செய்துகொண்டிருந்தாள். அவர் மகளைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இந்த மருந்து சாப்பிட்டா ஒனக்கு எப்படி இருக்கு?"

"சோறு எறங்கலப்பா." கொஞ்சம் நின்றாள். "ஆனா டீச்சர் கதை சொன்னாங்க. கடைசி வரைக்கும் கேட்டேன்."

சிவலிங்கம், "நான் ஸ்கூல் போன காலத்துல ஒரு கதைகூடக் கடைசி வரைக்கும் கேட்டதில்ல மிஸ்" என்றார். மாத்திரையைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, காலைப் பசியாறலுக்கு முன்னா பின்னா என்று கேட்டார். பசியாறிய பிறகு, மகளுக்கு மட்டும் என்றேன்.

இப்போது கவுன்டரில் வேலைக்கு வரும் இளம் பார்மசிஸ்டுகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். பயந்து நிற்கும் பெற்றோரிடம் "ஒன்றும் ஆகாது" என்று சொல்லி அனுப்பாதீர்கள். எது தெரியும், எது தெரியாது, எதைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லுங்கள். டாக்டர், பார்மசிஸ்ட், அம்மா, அப்பா என்று எல்லாரும் ஒரு மூளையைப் பற்றிப் பேசித் தீர்த்தோம். அதன் சொந்தக்காரியைக் கேட்க வேண்டும் என்று எங்களில் லோரிக்காரருக்குத்தான் தோன்றியது.