மறியலுக்கு நடுவில் ஒரு இன்டர்வியூ

கொரோனா வந்த முதல் வருடம் எனக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் அடித்தது. வந்த சூட்டோடு போயும் விட்டது. வடக்கே இருக்கும் ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனம், நாடு முழுவதும் கல்லூரி மாணவர்களைப் பொறுக்கியெடுத்து, உதவித்தொகையும் கொடுத்து, கோடையில் தன் ஆய்வகத்தில் வேலை பழக்கும். கள்ளக்குறிச்சியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த என்னையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பெட்டி வாங்கியாயிற்று. தெருவெல்லாம் சொல்லியாயிற்று. அப்புறம் ஊரடங்கு வந்தது. இந்த ஆண்டுப் பயிற்சி ரத்து என்று ஒரே வரியில் மெயிலும் வந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று அம்மா ஆரம்பித்தார். பழமொழி கேட்கிற பொறுமை எனக்கு இல்லை. புதுப் பெட்டியை ஓங்கி ஒரு உதை விட்டேன். அடி என் காலில்தான் பட்டது.

அடுத்த வருடம் மறுபடியும் விண்ணப்பித்தேன். அது எனக்குக் கடைசி வருடம். படிப்பு முடிந்துவிட்டால் அந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இந்த முறை இன்டர்வியூ வேறு வைத்தார்கள், வீடியோவில்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்கும் அந்தப் பக்கம், கல்வராயன் மலையடிவாரம். மலை அவ்வளவு கிட்டத்தில் இருப்பதால் எங்களுக்குச் சூரியன் சீக்கிரம் மறைந்துவிடும், சிக்னல் அதற்கும் முன்னாலேயே மறைந்துவிடும். ஆன்லைன் வகுப்பில் சார் பேசுவது பாதி மலைக்கு, பாதி எனக்கு. அதை நம்பி இன்டர்வியூவுக்கு உட்கார முடியாது. அதனால் கள்ளக்குறிச்சியில் கூடப் படித்தவளின் வீட்டு மாடி அறையைக் கேட்டு வைத்திருந்தேன். எனக்கு முன்பே இதற்கெல்லாம் விண்ணப்பித்துப் பார்த்த ஒரு சீனியர் அக்கா போனில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: "பேக்ரவுண்ட் ரொம்ப முக்கியம். பின்னாடி வெள்ளைச் சுவரு இருக்கணும். துணி கிணி தொங்கக் கூடாது."

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த சமயம் அது. படிப்பிலும் வேலையிலும் எங்களுக்குத் தனியாக இடம் ஒதுக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் இன்றைக்கு ஆபீஸ் வாசல், நாளைக்கு ரோடு என்று உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அப்பாவும் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். மறியல் இன்டர்வியூவுக்கு மறுநாள்தான் என்று அவர்தான் அடித்துச் சொன்னார். அவரை நம்பி அவர் வண்டியில் பின்னால் ஏறினேன்.

பாதி தூரம் போனதும் ரோட்டை அடைத்துக்கொண்டு கூட்டம். இந்தப் பக்கம் கரும்பு லாரிகள், அந்தப் பக்கம் பஸ்கள், நடுவில் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கோஷம் போடும் ஆட்கள்.

"நாளைக்குனு சொன்னாங்க பாப்பா..." என்று அப்பா இழுத்தார்.

நான் வண்டியை விட்டு இறங்கி நேராகக் கூட்டத்துக்குள் போனேன். முன்னால் நின்றவர் எங்களுக்குப் பங்காளி, எனக்குச் சித்தப்பா முறை.

"சித்தப்பா, எனக்கு இன்டர்வியூ இருக்குது. வழிய வுடுங்க."

"இன்னாம்மா நீயே இப்பிடிச் சொல்ற? யாருக்காக இங்க ஒக்காந்துகினு இருக்கோம்? நம்ம புள்ளைங்க படிப்புக்குத்தான?"

"அந்தப் புள்ளையே நான்தான் சித்தப்பா!"

கத்தித்தான் சொன்னேன். எனக்குக் கோபம் வந்தால் கூடவே அழுகையும் வந்து காரியத்தைக் கெடுக்கும். அன்றைக்கு அதுவே கைகொடுத்தது. கூட்டம் கப்பென்று அடங்கியது. முன்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். சித்தப்பா தலையைச் சொறிந்தார். வழிவிட அவருக்கு மனசுதான், ஆனால் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவில் சைக்கிள் நுழையக்கூட இடமில்லை. இன்டர்வியூவுக்கோ நேரம் நெருங்கிவிட்டது. போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் முழுசாக இருந்தது. ஆயுசில் அப்படி நான் பார்த்ததில்லை.

"இங்கியே பண்ணிடு," என்றார் சித்தப்பா. ரோட்டோரம் ஒரு சேகோ மில், ஜவ்வரிசி செய்கிற ஆலை. மறியலுக்காக அன்று மெஷினை நிறுத்தியிருந்தார்கள். மரவள்ளிக்கிழங்கை அரைத்து எடுத்த ஈர மாவு மட்டும் சிமெண்டுக் களம் முழுக்க வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. களத்து ஓரம் இருந்த ஷெட்டில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். போனை அப்பா கையில் பிடித்துக்கொண்டார். வெள்ளைச் சுவர் என்று அங்கே ஒன்றும் இல்லை. எனக்குப் பின்னால் களம், களத்துக்குப் பின்னால் ரோடு, ரோட்டில் மறியல்.

சித்தப்பா கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "டேய், பாப்பாவுக்கு டெல்லிலேர்ந்து இன்டர்வியூ. முடியற வரைக்கும் ஒருத்தனும் வாயத் தொறக்கக் கூடாது. கம்முனு ஒக்காருங்க." டெல்லி இல்லை என்று திருத்தப் போனேன். அப்பா கண்ணால் அடக்கினார்.

திரையில் மூன்று முகங்கள் வந்தன. நடுவில் நரைத்த முடியுடன் ஒரு அம்மா. வலப்பக்கம் இருந்தவர் ஆங்கிலத்தில் கேட்டார்: "டெல் அஸ் அபவுட் யுவர் பேக்ரவுண்ட்."

எனக்குக் குப்பென்று வியர்த்தது. அந்த அக்கா சொன்னது சரிதான், எடுத்த எடுப்பிலேயே பேக்ரவுண்டைப் பிடித்துவிட்டார்களே! மன்னிக்க வேண்டும் சார் என்று தொடங்கி, தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கினேன். பின்னால் தெரிவது சேகோ மில் களம், வெள்ளையாக இருப்பது மரவள்ளி மாவு. அதற்கும் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் செய்கிறார்கள், எனக்காகக் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கிறார்கள். அப்பாவும் பொறுப்பாகப் போனை அப்படியும் இப்படியும் திருப்பிக் காட்டினார்.

மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் கேட்டது என் குடும்பத்தையும் படிப்பையும் பற்றி என்று அப்போதுதான் உறைத்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்த மாவை ஏன் வெயிலில் காயவைக்கிறார்கள்? அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் சீக்கிரம் காயாதா?" என்று கேட்டார்.

எங்கள் காட்டில் விளைவது மரவள்ளிதான். மாவைப் பற்றி என்னிடம் கேட்டால் விடுவேனா? ஈரத்தோடு சூடு ஏறினால் மாவுமணிகள் தண்ணீரைக் குடித்து உப்பி வெடித்துக் கூழாகிவிடும், அப்புறம் பசை காய்ச்சத்தான் ஆகும் என்றேன். அது எந்தச் சூட்டில், ஏன், பிணைப்புகள் என்ன ஆகின்றன என்று மடமடவெனப் பேசினேன். இடப்பக்கத்தவர் குறுக்கே புகுந்து, அந்த மாற்றத்தை எந்தக் கருவியில் எப்படி அளப்பாய் என்றார். எனக்குத் தெரியவில்லை. தெரியாததைக் கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

"அந்தக் கருவியைப் புத்தகத்தில் படமாகத்தான் பார்த்திருக்கிறேன் சார். என்னைக் கூப்பிட்டால் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது.  

அந்த நேரம் பார்த்து, பந்தோபஸ்துக்கு வந்திருந்த போலீஸ்காரர் மெதுவாகக் களத்துக்குள் எட்டிப் பார்த்தார். கத்துகிற வரைக்கும் அவருக்குக் கவலை இல்லை. சத்தம் நின்றதும் என்னமோ ஏதோ என்று பதறிப்போய் வந்திருக்கிறார். சித்தப்பா உதட்டில் விரலை வைத்து என்னைக் காட்டினார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அப்படியே ஓரமாக நின்றுவிட்டார்.

"நீ எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார் அந்த அம்மா.

என்ன கேட்க வேண்டும் என்று சீனியர் அக்கா அழகாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். அதெல்லாம் மறந்துபோய், மனசில் இருந்தது வந்துவிட்டது. "போன வருடமும் என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள் மேடம். இந்த வருடமும் ரத்து செய்துவிடுவீர்களா?"

 தள்ளிப்போகலாம், ரத்தாகாமல் பார்ப்பது என் பொறுப்பு என்றார் அந்த அம்மா. திரை அணைந்தது.

நான் எழுந்ததுதான் தாமதம், கூட்டம் மொய்த்துக்கொண்டது. தள்ளி நில்லுங்கள், கொரோனா என்றால் யார் கேட்கிறார்கள்?

"கெடச்சுதாம்மா?"

"அதெல்லாம் அப்புறம்தான் சொல்லுவாங்க சித்தப்பா."

"எத்தினி சீட்டு?"

"எங்க சப்ஜெக்டுக்கு ரெண்டோ மூணோ."

"இந்தியா பூராவுக்குமா?" சித்தப்பாவுக்குக் கண் சிவந்துவிட்டது. "இன்னா அநியாயம்யா இது! டேய், அதுக்கும் சேத்து ஒரு கோஷம் போடுங்கடா!"

போட்டார்கள். ஆராய்ச்சி நிறுவனத்தில் இடங்களை உயர்த்தக் கோரி அன்றைக்கு எங்கள் ரோட்டில் எழுந்த கோஷம் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. பெயர் சரியாகத் தெரியாததால் கடைசி வரை டெல்லியைத்தான் திட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினேன். இவ்வளவு பேர் எனக்காக வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்களே என்று மனசு நிறைந்துபோயிருந்தது.

என்னைத் தேர்ந்தெடுத்ததாக மெயில் வந்தது. அதன் பின்னாலேயே இரண்டாம் அலையும் வந்தது. பயிற்சி தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. ரிசல்ட் வந்து படிப்பும் முடிந்துவிட்டது. எப்போ போற என்று தெருவில் கேட்பவர்களிடம் எரிந்து விழுந்தேன். இனி அவ்வளவுதான் என்று நானே முடிவு கட்டியிருந்தபோது அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. படிப்பு முடிந்திருந்தாலும் பரவாயில்லை, புறப்பட்டு வா என்றார்.

சின்னசேலத்தில் ரயில் ஏறினேன். சேலத்தில் மாறி, இரண்டு இரவு உட்கார்ந்தே போனேன். வழியெல்லாம் போனைத் திறந்து, ரத்து என்று மெயில் வந்திருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுவனத்தின் வாசலில் காவலாளி நெற்றிச்சூடு பார்த்தார். அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். உள்ளே யாரிடமோ போனில் பேசினார்.  அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே நாலு எட்டு வைத்ததும் நின்று அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, உள்ள வுட்டுட்டாங்கப்பா."

  பதிலுக்கு, எங்கோ தூரத்தில், போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அப்பா தெருவைப் பார்த்துக் கத்துவது கேட்டது.

"உள்ள வுட்டுட்டாங்களாம்யா! எம் பொண்ண உள்ள வுட்டுட்டாங்களாம்!"