ப்ளாசிடின் ஆறாம் நம்பர்

அஸெலி ட்ரஹான் கல்யாணமாகி வந்த வருஷமே துப்பாக்கி பிடித்துவிட்டாள். தெற்கு லூசியானாவில், மெர்மெண்டோ ஆற்றுக்கு மேற்கே அவர்களுடைய நெல்வயல். அறுவடை முடிந்து தண்ணீர் கட்டினால் வாத்துகள் இறங்கும். வரப்புக்குள் புதைத்த இரும்புத் தொட்டியில் அவளும் கணவன் ப்ளாசிடும் தோளோடு தோள் இடிக்க ஒளிந்து உட்கார்ந்து சுடுவார்கள். பிள்ளை இல்லை. ஊர் ஆண்கள் பெண்டாட்டியை வீட்டில் விட்டுவிட்டு வேட்டைக்குப் போனார்கள். ப்ளாசிட் கூட்டிக்கொண்டு போனான். ஊர் அதைக் கொஞ்ச காலம் பேசியது, சலித்துப்போய் விட்டுவிட்டது.

இருவருக்கும் ஒரே தோட்டாதான், ஆறாம் நம்பர் ஈயம். நம்பர் ஏற ஏற உள்ளே இருக்கும் ரவைக் குண்டு சிறிதாகும். பொடி ரவை என்றால் ஒரு தோட்டாவில் நிறைய இருக்கும், வலை மாதிரி விரியும், ஏதாவது ஒன்று படும் என்பான் ப்ளாசிட். பொய்யில்லை. தண்ணீரில் மிதக்கவிட்ட பொம்மை வாத்துகளைப் பார்த்து ஏமாந்து காலை நீட்டிக்கொண்டு இறங்கும் பறவைக்கு அது போதும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஈய ரவைக்குத் தடை வந்தது. சேற்றில் கிடந்த ஈயத்தை இரையோடு சேர்த்து விழுங்கி வாத்துகள் நஞ்சேறிச் செத்துக்கொண்டிருந்தன. இனி இரும்பு ரவைதான். இரும்பு லேசு, அதே அளவு ரவை சீக்கிரமே வேகம் இழந்துவிடும். அதனால் இரண்டு நம்பராவது இறங்கிப் பருமனாக எடுங்கள் என்று கடைக்காரன் எல்லோரிடமும் சொன்னான். அஸெலி சின்ன வாத்தான கிளுவைக்கு நாலாம் நம்பரும், குளிர் முற்றியபின் வரும் பெரிய வாத்துகளுக்கு இரண்டாம் நம்பரும் எடுத்தாள். ப்ளாசிட் இரும்பிலும் ஆறையே எடுத்தான்.

"ரெண்டாம் நம்பரா? வாத்து சுடப் போறியா, எருமை சுடப் போறியா?" என்றான்.

"நீ ஆறை வெச்சுக்கிட்டு கொசு அடி" என்றாள்.

அந்தப் பருவம் முழுக்க அவன் சுட்டால் இறகு பறக்கும், பறவையும் பறக்கும். காற்றைத் திட்டினான், இரும்பைத் திட்டினான், சட்டம் போட்டவர்களைத் திட்டினான். அஸெலியும் நிறைய தவறவிட்டாள். அவளுடைய ரவை எண்ணிக்கையில் குறைவு, இடைவெளி அதிகம். இரண்டாம் நம்பரால் பக்கத்தில் வைத்துச் சுட்ட ஒரு கிளுவை சிதைந்து சட்டிக்கே ஆகாமல் போனது. அதைப் ப்ளாசிட் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான்.

ஜனவரியில் ஒரு நாள் அவர்களுடைய நாய் பிஜு நாணலுக்குள்ளிருந்து ஓர் ஊசிவால் வாத்தைக் கவ்விக்கொண்டு வந்தது. உயிர் இருந்தது. சதை வற்றி, நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. அஸெலி கழுத்தைத் திருகி, சமையலறை மேஜையில் வைத்து உரித்தாள். தோலுக்கடியில் இரும்பு ரவைகள், நெஞ்சைத் துளைக்காமல் தங்கியிருந்தன. வயிற்றுக்குள் போயிருந்த ஒன்று குடலை அழுகவைத்திருந்தது. அறுத்ததும் நாற்றம் வந்தது.

ப்ளாசிட் எதிரே காபி குடித்துக்கொண்டிருந்தான். ஒரு ரவையை எடுத்துத் துடைத்து விரலிடையில் உருட்டினான்.

"ஆறு" என்றான். பிறகு, "பக்கத்து வயல்காரனும் ஆறுதான் சுடுறான்."

"இருக்கலாம்."

"எத்தனை இப்படிப் போயிருக்கும்?"

"நான் எண்ணல, ப்ளாசிட்."

அவள் அந்த வாத்தைக் கொண்டுபோய்ப் புதைத்தாள். மறுநாள் விடியலில் அவன் துப்பாக்கி இல்லாமல் தொட்டியில் இறங்கினான். ஏன் என்று கேட்டாள்.

"நீ சுடு. நான் கூப்பிடறேன்."

மூங்கில் ஊதலை வாயில் வைத்து வாத்துக் குரல் கொடுப்பதில் அந்தப் பக்கத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. வட்டமடிக்கும் கூட்டத்தைப் பேசிப் பேசி இறக்குவான். நன்றாகக் கிட்டே வரும்வரை அவள் கையைப் பிடித்து வைத்திருப்பான். அதன்பின் அவள் சுட்டவை பெரும்பாலும் விழுந்த இடத்திலேயே கிடந்தன. சட்டி நிறைந்தது. ஆனாலும் அவனிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டது போல அவளுக்கு உறுத்தியது. துப்பாக்கியை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தாள். அவன் காதில் வாங்கவில்லை.

அடுத்த நவம்பரில் அவனாகவே எடுத்து வந்தான். சட்டைப் பையிலிருந்து அவன் எடுத்துப் போட்ட தோட்டா மூன்றாம் நம்பர்.

"ரெண்டே வாங்கியிருக்கலாமே" என்றாள்.

"ரெண்டு உன்னோடது."

பிறகும் பல குளிர்காலம் அப்படியே சுட்டார்கள், அவள் இரண்டு, அவன் மூன்று. தூரத்துப் பறவையை இருவரும் விட்டுவிடுவார்கள். முழங்கால் மடங்காமல் போய் ப்ளாசிடால் தொட்டியில் இறங்க முடியாத வருஷம் வந்தபோது, அஸெலி தனியாகப் போனாள். கிடைத்ததைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து உரித்தான்.