ஓடாத காரின் மேல் கரி

மனைவிக்கு மூச்சிரைப்பு கண்டபோது, வாசலில் நிற்கும் எங்கள் காரின் புகையே அதற்குக் காரணம் என்று நானாகவே முடிவு கட்டினேன். பெருநகரங்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்ததை எங்கள் ஊருக்கும் பொருத்திக்கொண்டேன். ஒரு மாதம் காரைத் தொடவில்லை. சங்கராபுரத்து அலுவலகத்துக்குப் பேருந்தில் போய்வந்தேன். மூச்சிரைப்பு குறையவில்லை.

ஒருநாள் காலை அவள் காரின் கண்ணாடியில் விரலால் கோடிழுத்து, கரி படிந்த விரலை என்னிடம் நீட்டினாள்.

“வண்டிதான் ஓடவே இல்லியே, இது இன்னாங்க?”

நான் வீட்டின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னாலுள்ள எங்கள் வயலில், கரும்பு வெட்டிய பின் கிடக்கும் காய்ந்த சோகையை அவளுக்கு மூச்சிரைப்பு தொடங்கும் முன்பிருந்தே, அந்த மாதம் முழுதும் பகுதி பகுதியாகக் கொளுத்தச் சொன்னவன் நான். ஊரில் எல்லோரும் கொளுத்துகிறார்கள். அதைப் புகையென்று நான் எண்ணியதே இல்லை.

“பாவம், அது சும்மா நின்னுக்கினு இருந்திச்சி. அதப் போயி ஒரு மாசமா திட்டினீங்களே,” என்றாள். சிரிக்க முயன்றபோது இருமல் வந்தது.

மீதி வயலைக் கொளுத்த அன்று ஆள் வருவதாக இருந்தது. வேண்டாமென்று தொலைபேசியில் சொன்னேன். பிறகு துணியெடுத்துக் காரைத் துடைத்தேன். வருத்தமோ வெட்கமோ தோன்றவில்லை. துணி மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது.