ஆறு கம்பி பேஸும் ஒரு வரவேற்பும்

பேஸ் கிடாருக்கு நாலு கம்பி போதும் என்றுதான் ஊர் உலகமெல்லாம் வெகுகாலம் இருந்தது. ஆறு கம்பியோடு முதலில் வந்தவை பேருக்குத்தான் பேஸ். சாதாரண கிடாரையே ஒரு ஸ்தாயி கீழே இறக்கிக் கட்டியவை. கம்பிகள் அம்புட்டு நெருக்கம். தடித்த விரல்காரன் ஒன்றைத் தொட்டால் இரண்டு பேசும். பிற்பாடுதான் பேஸ் வாசிக்கிறவர்களின் பிடிவாதத்தால், வழக்கமான நாலுக்குக் கீழே ஒன்று மேலே ஒன்று சேர்த்து, கழுத்தையும் பலகை மாதிரி அகலமாக்கினார்கள். நான் வாங்கியது அந்த வகை.

ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை. பகலில் கப்பலூரில் லேத் ஓட்டுகிறேன், மாலையில் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ். கீபோர்டு வாசிக்கிற அண்ணன் இடது கையாலேயே பேஸையும் வாசித்துவிடுவார். குழுவை நடத்துகிறவர் ஒருநாள் நேராகவே சொல்லிவிட்டார்: "மாப்ள, உன்னைய எதுக்கு வச்சிருக்கோம்னு எனக்கே தெரியல. தையில அலங்காநல்லூர் ரிசப்ஷன் இருக்கு. அண்ணன் கையால ஆகாதத அங்க வாசிச்சுக் காட்டு. இல்லைன்னா விட்ருவோம்." கம்பியில் வழுக்கி இழுப்பதை, இரண்டு கையும் கட்டைகளில் இருக்கிற அண்ணனால் கீபோர்டில் செய்ய முடியாது. ஆறு கம்பி இருந்தால் இன்னும் கீழேயும் மேலேயும் போகலாம். அதை நம்பித்தான் வாங்கினேன்.

நடுவில் மார்கழி, கல்யாணம் கிடையாது. எங்கள் பக்கத்துக் குழுக்களில் கச்சேரி இல்லாத மாதத்தில் கம்பிகளைத் தளர்த்தி உறையில் போட்டுவிடுவோம். மலிவு கிடாரின் கழுத்தை அது காப்பாற்றும். நானும் பழக்கப்படி இதை அப்படியே தளர்த்தி வைத்தேன். இதிலோ, ஆறு கம்பியின் இழுப்பைத் தாங்குவதற்குக் கழுத்துக்குள்ளே எதிர்ப்பக்கம் இழுக்கும் இரண்டு இரும்புத் தண்டுகள் இருந்தன. வெளி இழுப்பு நின்றால் அவை சும்மா இருக்குமா? ஒரு மாதத்தில் கழுத்து பின்னால் வளைந்துவிட்டது. நித்தம் இரும்போடு புழங்குகிறவன் நான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

ஷிப்ட் முடிந்து நேரே மண்டபத்துக்குப் போய், மேடையில்தான் உறையைத் திறந்து சுதி கூட்டினேன். முதல் பாட்டிலேயே கழுத்தின் தலைப்பக்கம் எங்கே அழுத்தினாலும் கரகரத்தது. தண்டுகளைத் தளர்த்தும் சாவி ஆனையூரில் வீட்டில் கிடந்தது. 

அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில், ஐந்தாம் ஃபிரெட்டிலிருந்து அப்பால் கரகரப்பு இல்லை. அடியில் ஒரு கம்பி கூடுதல் என்பதால், நாலு கம்பியில் ஆகக் கீழே இருக்கும் சுரம் இதில் ஐந்தாம் ஃபிரெட்டிலேயே கிடைக்கும். இரண்டாம் பாட்டிலிருந்து கழுத்தின் நடுவிலேயே குடியிருந்தேன். பக்கத்தில் வைத்திருந்த என் சின்ன ஸ்பீக்கரில் எல்லாம் சுத்தமாகக் கேட்டது. இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தேன், மேல்கம்பியில் பாடகருக்குப் பதில் சொன்னேன். அப்படி நான் ஒருநாளும் வாசித்ததில்லை. பெருமை பிடிபடவில்லை.

முடிந்து ஒயர் சுற்றும்போது குழு நடத்துகிறவரிடம் கேட்டேன். "எப்படிண்ணே இருந்துச்சு?"

"எது?"

"என் வாசிப்புத்தாண்ணே."

"மொதப் பாட்டுலயே கரகரன்னுச்சுல்ல. மிக்ஸர் ஆபரேட்டர்ட்ட சைகை காட்டி, வெளி ஸ்பீக்கருக்குப் போற உன் லைன அமத்தச் சொல்லிட்டேன். அப்புறம் பூராம் அண்ணனோட இடது கைதான் மாப்ள." கோபமாகச் சொல்லவில்லை. "உன் சத்தம் நின்னத சபையில ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கல" என்றார்.

வாசித்தது பிடிக்கவில்லை என்றிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்தது. குனிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டே, அடுத்த கச்சேரிக்கு நான் வரவில்லை என்று நானே சொல்லிவிட்டேன்.