இரைகிற ஆம்பும் எரிகிற பலகையும்

சலூன்காரர் நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனி வருவதைக் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும்.

கீழே கடை, மேலே வீடு. கடையில் மூன்று நாற்காலிகள். மூன்றாவதில் எந்த வாடிக்கையாளரும் உட்கார்ந்ததில்லை. அதில் கிடார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் உட்கார்ந்திருக்கும், கழுத்தில் துண்டு வேறு. அதன் முகத்துக்கு நேரே ஒரு மைக், எதிர்ச் சுவரோரம் கம்ப்யூட்டர். முடிவெட்டுவது பிழைப்புக்கு, கிடார் எதற்கு என்று கேட்டால் பதில் சொல்லமாட்டார், வாசிக்க ஆரம்பித்துவிடுவார். அதனால் யாரும் கேட்பதில்லை.

ஊர் ஊராகப் போகும் நாடகக் குழு ஒன்று கிடாருக்கு ஆள் தேடியது. நம்மவர் வாசித்துப் பதிவுசெய்து அனுப்பினார். அன்று அவர் தபால்காரருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது குழுத் தலைவர் போனில் வந்தார்; கையெல்லாம் நுரை, அதனால் ஸ்பீக்கரில் போட்டார், மாடிவரை கேட்டது.

"வண்டு பிரமாதமா பாடுதுங்க. பின்னாடி லேசா கேக்குதே, அது கிடாரா?"

"கேலி பண்றீங்களா?"

"சத்தியமா இல்லை. இரைச்சல்தான் முன்னாடி நிக்குது. சாயங்காலத்துக்குள்ள சுத்தமா ஒண்ணு அனுப்புங்க. இல்லைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். தபால்காரருக்கு ஒரு கன்னம் முடிந்திருந்தது, மறு கன்னத்தில் நுரை. அதையெல்லாம் பார்க்கிற நிலையிலா இருந்தார்? ஆம்பைப் போட்டார். ம்ம்ம்ம் என்று அது உறுமியது. உடனே மாடிப்படியைப் பார்த்துக் கத்தினார்.

"ஏய்! அந்தத் தையல் மெஷினை நிறுத்து!"

"நான் இன்னும் ஊசியில நூலே கோக்கலை!" என்றாள் மனைவி.

எது நடந்தாலும் பழி அந்த மெஷினுக்குத்தான். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அதுதான் காரணம்.

பிறகு செய்தாரே ஒரு காரியம்! பிளக்கில் ஷாக் அடிக்காமல் காக்கிற எர்த் ஆணியைப் பிடுங்கினால் இரைச்சல் போகும் என்று எவனோ சொல்லியிருந்தான். இடுக்கியை எடுத்து ஆம்பின் பிளக்கிலிருந்து அந்த ஆணியைப் பிடுங்கியே விட்டார். இரைச்சல் குறைந்தது உண்மை. பெருமையோடு கிடார் கம்பியில் கையை வைத்து, "ஹலோ" சொல்ல மைக்கில் வாயை வைத்தார். சுளீரென்று அடித்தது பாருங்கள், மீசை முழுக்க நட்டுக்கொண்டது.

அவர் போட்ட சத்தத்தில் மனைவி இறங்கி ஓடிவந்தாள். பிளக்கைப் பார்த்தாள், மீசையைப் பார்த்தாள்.

"இரைச்சலோட உங்களையும் சேர்த்து அடக்கறதுக்கா இதைப் புடுங்கினீங்க? புத்தி எங்க போச்சு?"

"கொஞ்சம் குறைஞ்சுதே..."

"ஆளே போயிருந்தா முழுசா குறைஞ்சிருக்கும்!"

தையல் பெட்டியிலிருந்து திருப்புளியும், எர்த் ஆணியோடு ஒரு புதுப் பிளக்கும் கொண்டுவந்து அவளே மாட்டினாள். மாட்டும்போதுதான் கவனித்தாள்: ஆம்பின் ஒயர் இந்தச் சுவரில், கம்ப்யூட்டரின் ஒயர் அந்தச் சுவரில். மாடியில் அவளுடைய ரேடியோவும் ஸ்பீக்கரும் இப்படித்தான் ஆளுக்கொரு மூலையில் சொருகியிருந்தபோது உறுமித் தொலைத்தன. ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் ஆம்பையும் கம்ப்யூட்டரையும் சொருகினாள். ஆம்பின் அடிவயிற்றிலிருந்து வந்த அந்த உறுமல் நின்றுபோனது.

ஆனாலும் ட்ர்ர்ர் என்று மெல்லிசாக ஒன்று மிச்சம். சலூன்காரர் கிடாரோடு ஒரு சுற்றுச் சுற்றினார். உள்சுவரைப் பார்த்து நின்றால் அடங்கியது. மனைவி நின்ற பக்கம் திரும்பினால் எகிறியது.

"என்னைப் பார்த்தா இரையுது, சுவத்தைப் பார்த்தா அடங்குதா?"

"நானா பண்றேன்? கிடார் உள்ளதைச் சொல்லுது."

"அண்ணே, அடி வாங்காதீங்க," என்றார் நுரைக்குள்ளிருந்து தபால்காரர். "அக்கா நிக்கறது வாசல்ல. அவங்க தலைக்கு மேல என்ன எரியுதுன்னு பாருங்க."

சலூன்காரர் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. தலைக்கு மேலே சிவப்பும் நீலமுமாக அவருடைய நியான் பலகை, கிடாரை இரைய வைப்பது அதுதான். கடை திறந்திருக்கும் நேரத்தில் அவர் அதை அணைத்ததே கிடையாது. எதிரே புதுப் பார்லர் வந்ததிலிருந்து பயம். கரண்ட் போனால்கூட வாசலில் நின்று, "கடை இருக்கு, கடை இருக்கு" என்று கூவுவார். அணைந்த பலகையைப் பார்த்தால் ஆள் செத்துவிட்டான் என்று எதிர்க்கடைக்காரன் மாலையே வாங்கிவிடுவானாம்.

"அதை மட்டும் அணைக்கமாட்டேன்."

"அப்ப வண்டையே நாடகத்துக்கு அனுப்புங்க," என்றாள் மனைவி.

"அணைச்சா கடை மூடிட்டேன்னு எல்லாரும் அங்க போயிடுவாங்களே!"

அவள் தபால்காரரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஒரு முக்காலியை வாசலுக்கு வெளியே போட்டு, வெள்ளைத் துணி போர்த்தியபடியே அவரை அதில் உட்காரவைத்தாள். ஒரு கன்னம் பளபள, மறு கன்னம் நுரை.

"இதைப் பார்த்து எவன் கடை மூடியிருக்குன்னு சொல்வான்?"

பலகை அணைந்தது. கடைக்குள் அப்படி ஓர் அமைதியை அவர் கேட்டதே இல்லை. உள்சுவரைப் பார்த்தபடியே வாசித்து முடித்தார். அனுப்பினார். நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெயில் சாயும் நேரத்தில் போன் வந்தது.

"இப்பத்தாங்க கிடார் கேக்குது. அடுத்த வாரமே வந்துடுங்க."

சலூன்காரர் மனைவியைக் கட்டிக்கொள்ளப் போனவர், பாதி வழியில் பலகையின் சுவிட்சுக்குத் திரும்பினார். அவர் போட, அவள் அணைத்தாள். மறுபடி போட்டார், மறுபடி அணைத்தாள்.

"பலகை எரியாமலே ஆளுங்க காத்திருக்காங்க, எட்டிப் பாருங்க."

தபால்காரருக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நுரை காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருக்க, தபால்காரர் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கடை இருக்கு, கடை இருக்கு. என் கன்னம் முடிஞ்சதும் உங்களுக்குத்தான்."